“இது நம்ம அனுமாரா?” - சீர்காழி வீட்டுக்குள் வந்த சீனக் குரங்கு

சீர்காழியில் ஒரு வீடு. இரவு ஒன்பதரை மணி. கூடத்து மூலையில் அண்ணன் வாங்கி வைத்த கம்ப்யூட்டர். அதன் முன்னால் பிளஸ் ஒன் படிக்கும் தம்பி. திரையில் கையில் கம்புடன் ஒரு குரங்கு. எதிரே, ரத்தக் குளத்தின் நடுவில் இரண்டு காலில் நிற்கும் ஒரு புலி. இரண்டே நிமிடத்தில் குரங்கு விழுகிறது. மறுபடி எழுகிறது, மறுபடி விழுகிறது. இது 14-வது முறை.

“சாப்பிட வாடா” என்று அம்மா மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. நாளை மறுநாள் கணக்குப் பரீட்சை. அப்பா எழுந்து வந்து ஒயரைப் பிடுங்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கட்டிலில் படுத்திருந்த அப்பாயி கேட்டார்.

“ஏன்டா தம்பி, இது நம்ம அனுமாரா?”

“இல்ல அப்பாயி, இது சீனாக்காரங்க குரங்கு. பேரு வுகோங்.”

“அதானே பார்த்தேன். சிலம்பக் கம்புல்ல வச்சிருக்கு!”

வீட்டில் யார் கேட்டாலும் ‘கேம் விளையாடுறேன்’ என்பதற்கு மேல் பேசாத பையன், அன்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னான். அப்பாயி கேட்ட கேள்வி ஒன்றும் சாதாரணமானதல்ல. சீனாவின் பெரிய அறிஞர்களே அதைப் பற்றி விவாதித்திருக்கிறார்கள்.

மூன்றே நாளில் ஒரு கோடி

அந்த விளையாட்டின் பெயர் ‘பிளாக் மித்: வுகோங்’. சீனாவின் ‘கேம் சயின்ஸ்’ நிறுவனம் உருவாக்கியது. 2014-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், 2020 ஆகஸ்ட் 20-ம் தேதி ஒரு முன்னோட்ட வீடியோவை வெளியிட்டது. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 20-ம் தேதி, கம்ப்யூட்டருக்கும் பிளேஸ்டேஷன் 5-க்கும் முழு விளையாட்டும் வந்தது. மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 24 லட்சம் பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கதை, 16-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீன நாவலில் இருந்து கிளைக்கிறது. நம் பள்ளிப் புத்தகங்களில் வரும் யுவான் சுவாங்தான் அந்த நாவலில் பயணம் போகும் துறவி. அவருக்குக் காவலாகப் போகும் குறும்புக்காரக் குரங்குதான் சுன் வுகோங். 72 உருவங்கள் எடுக்கும். மேகத்தில் ஏறித் தாவும். சொர்க்கத்தின் பழத்தோட்டத்தையே சூறையாடும். அதன் ஆயுதம் ஓர் இரும்புக் கம்பு. வேண்டும்போது தூண் அளவுக்கு வளரும். வேண்டாதபோது ஊசியாகச் சுருங்கிக் காதுக்குள் போய்விடும்.

விளையாட்டு தொடங்குவது நாவல் முடிந்த பிறகு. பயணம் முடிந்து புத்த நிலையை அடைந்த வுகோங், பதவி எதுவும் வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்று தன் மலைக்குத் திரும்புகிறது. தேவர்கள் படையோடு வருகிறார்கள். சண்டையில் வுகோங் வீழ்ந்து கல்லாகிறது. அதன் ஆறு புலன்கள் ஆறு பொருள்களாகச் சிதறிப்போகின்றன. அவற்றைத் தேடிப் புறப்படும் இன்னொரு குரங்குதான் விளையாடுபவரின் பாத்திரம். மெய், வாய், கண், மூக்கு, செவி, அதற்கு மேல் ஆறாவதாக மனம். தொல்காப்பியத்தின் ஆறறிவுப் பாடத்தைத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டுவிடும்.

கம்பைச் சுழற்றுவது எப்படி?

இதில் துப்பாக்கி கிடையாது. ஒரு கம்பு, சில மந்திரங்கள், காயத்தை ஆற்றும் மருந்து நிரம்பிய ஒரு சுரைக்குடுக்கை, அவ்வளவுதான். கம்பை மூன்று விதமாகப் பிடிக்கலாம். ஓங்கி அடிப்பது ஒன்று. கம்பைத் தரையில் ஊன்றி, தூணில் ஏறுவதுபோல அதன் உச்சிக்கு ஏறிக் கீழே வரும் அடிகளிலிருந்து தப்பிப்பது இரண்டாவது. தள்ளி நின்று குத்துவது மூன்றாவது. சிலம்பம் பழகியவர்கள் பார்த்தால், முதலும் மூன்றும் தெரிந்த வித்தைதான் என்பார்கள். நடுவில் உள்ளது மட்டும் சினிமா.

சுலபம், நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதி இதில் இல்லை. எல்லோருக்கும் ஒரே புலி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெரிய எதிரி காத்திருக்கும். விளையாடுபவர்களின் பாஷையில் ‘பாஸ்’. பட்டனை வேகமாகத் தட்டினால் ஜெயிக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் முதலில் தோற்பார்கள். எதிரி எப்போது பதுங்குகிறது, எப்போது பாய்கிறது, எந்த அடிக்குப் பிறகு மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடி விழும் கணத்தில் சரியாக விலகினால், குரங்கின் நிழலுருவம் மட்டும் அங்கே நிற்கும். அடி வாங்குவது அந்த நிழல்தான். அந்தக் கணத்தைப் பிடிக்க 10 முறை தோற்க வேண்டியிருக்கும், சிலருக்கு 50 முறை.

தோற்றால் என்ன ஆகும்? கடைசியாக ஊதுவத்தி ஏற்றிய சின்னக் கோயிலில் குரங்கு மறுபடி எழும். சம்பாதித்த அனுபவப் புள்ளிகள் குறையாது. கற்ற வித்தையை மாற்ற நினைத்தால், செலவழித்த புள்ளிகளைத் திரும்ப எடுத்து வேறு வித்தையில் போடலாம். கற்றுக்கொண்டது வீண்போகாது என்பதால்தான் பிள்ளைகள் 15-வது முறையும் புலியின் முன்னால் போய் நிற்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு அது வெறும் பிடிவாதமாகத் தெரிகிறது. அதில் பிடிவாதமும் இருக்கிறது, பாடமும் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதில்தான் வீட்டில் சண்டையே.

தலையில்லாத பாடகர்

இரண்டாவது கட்டத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி. மஞ்சள் மணல் பறக்கும் வெளி. ஒருவர் மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு பாடுகிறார். அவருக்குத் தலையே இல்லை. உடைந்த குரலில், உச்சியில் எகிறும் பாட்டு அது. சீனாவின் ஷான்சி மாகாணத்தின் வடக்குப் பகுதியில் கிராமம் கிராமமாகப் போய்க் கதை சொல்லிப் பாடும் பழைய கலை. நம்மூர் கதாகாலட்சேபத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் சொந்தக்காரக் கலை என்று சொல்லலாம். அந்தக் கலையையே வாழ்க்கையாகக் கொண்ட ஷியோங் சூயிங் என்ற கலைஞரைத்தான் பாட வைத்தார்கள். விளையாட்டு வந்த வாரத்தில் அந்தக் குரலை உலகமே கேட்டது.

கோயில்களும் அப்படித்தான். விளையாட்டில் காட்டப்படும் நிஜ இடங்கள் 36 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் 27 இடங்கள் ஷான்ஸி என்ற ஒரே மாகாணத்தில் உள்ளன. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இது பாடகரின் ஊருக்குப் பக்கத்து மாகாணம். அங்கே மலைமேல் இருக்கும் சியாவோசிட்டியான் என்ற சிறிய கோயிலின் வண்ணச் சுதைச் சிற்பங்களை, விளையாட்டில் பார்த்த இளைஞர்கள் நேரில் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

தயாரித்தவர்கள் புதிய உலகம் எதையும் கற்பனையில் கட்டவில்லை. தங்கள் ஊர்க் கோயிலையும் ஊர்ப் பாட்டையும் அருகில் போய்ப் பார்த்தார்கள், கேட்டார்கள், அப்படியே உள்ளே வைத்தார்கள். விளையாட்டின் வெற்றிக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

அப்பாயிக்கு என்ன பதில்?

சரி, வுகோங் நம்ம அனுமாரா? சீன அறிஞர் ஹூ ஷி 1923-லேயே, இந்தக் குரங்கின் வேர் இந்தியாவில், ராமாயணத்து அனுமனிடம் இருக்கலாம் என்று எழுதினார். எழுத்தாளர் லூ ஷுன் அதை ஏற்கவில்லை. சீனத்தின் பழங்கதைகளில் வரும் குரங்கு வடிவ நீர் அரக்கனிடமிருந்துதான் வுகோங் பிறந்தது என்றார். விவாதம் இன்னும் முடியவில்லை.

முடிவு எதுவானாலும், இந்தக் கேள்வியைக் கேட்க சீர்காழிக்கு உரிமை உண்டு. அனுமன் கதையை மேடைக்கான இசை நாடகமாக்கியது இந்த ஊர்தான். 18-ம் நூற்றாண்டில் சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் ‘ராம நாடகம்’ எழுதினார். பக்கத்துச் சட்டநாதபுரத்தைச் சேர்ந்த இரண்டு இசைவாணர்கள் அதற்கு மெட்டமைத்தார்கள். ஸ்ரீரங்கத்தில் அரங்கேறியது. சீதையைக் கண்ட செய்தியை அனுமன் ராமனிடம் வந்து சொல்லும் பாட்டு இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கிறது. தமிழிசை மூவர் மணிமண்டபத்தைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகும் பிள்ளைகளில், மூவரில் ஒருவர் குரங்கு வீரனின் கதையைப் பாட்டாக்கியவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. தென்கிழக்குச் சீனாவில் சுவான்சோ என்ற துறைமுக நகரம். அங்குள்ள காய்யுவான் கோயிலின் மேற்குக் கோபுரம் 1237-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதில் குரங்கு முகம் கொண்ட ஒரு வீரனின் புடைப்புச் சிற்பம் உண்டு. வுகோங் கதையின் மிகப் பழைய உருவங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். நாவல் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது.

அதே சுவான்சோ நகரில்தான் ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். அங்கே ஒரு சிவபெருமான் திருமேனியை எழுந்தருளச் செய்ததாகச் சொல்கிறது அந்தக் கல்வெட்டு. செய்தவர் பெயர் சம்பந்தப்பெருமாள். அது எந்தப் பிள்ளையின் பெயர் என்று சீர்காழிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞானசம்பந்தர் பிறந்த ஊர் இது. அவர் பெயரைத் தாங்கிய ஒரு தமிழர், குரங்கு வீரன் செதுக்கப்பட்ட அதே ஊரில், சிற்பம் செதுக்கி அரை நூற்றாண்டுக்குள் சிவனுக்குத் திருமேனி வைத்திருக்கிறார்.

நம் கதை எப்போது?

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குப் பணிகளுக்காகப் பள்ளம் தோண்டியபோது, 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும் தேவாரம் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. எந்த விளையாட்டுக் கம்பெனியும் யோசித்திராத காட்சி அது.

நம்மால் முடியாது என்றும் சொல்ல முடியாது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொல்லும் ‘வெண்பா’ என்ற சின்ன விளையாட்டு 2023-ல் வந்தது. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். புலி கிடையாது, கம்பு கிடையாது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதை, அறிமுக விளையாட்டுப் பிரிவில் வென்றது. பெரிய பட்ஜெட் இல்லாவிட்டாலும், வீட்டுக் கதை வீட்டுக் கதையாகவே சொல்லப்பட்டால் உலகம் கேட்கும் என்பதற்கு அது சாட்சி.

வாங்கும் முன் ஒரு நிமிடம்

‘வுகோங்’ செல்போனில் ஓடாது. கம்ப்யூட்டரில் சுமார் 130 ஜி.பி. இடம், 16 ஜி.பி. ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். இவை இல்லாமல் வாங்கினால் பணம் வீண். வசதி இல்லாதவர்கள், மற்றவர்கள் விளையாடுவதை யூடியூபில் முழுக்கதையாகவே பார்த்துவிடலாம். ரத்தமும் பயங்கர உருவங்களும் நிறைய; சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. நேரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு யோசனை: ‘ஒரு மணி நேரம்’ என்பதற்குப் பதில் ‘இன்னும் மூன்று முயற்சி’ என்று பேசி வைத்துக்கொண்டால், சண்டையின் நடுவில் ஒயரைப் பிடுங்க வேண்டியிருக்காது.

சீர்காழி வீட்டில் அன்று அப்பா ஒயரைப் பிடுங்கவில்லை. 15-வது முறையும் தோற்றுவிட்டுத் தம்பியே அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். ரசம் ஊற்றும்போது அப்பாயி மறுபடி ஆரம்பித்தார்.

“அந்தப் புலி பாயுறதுக்கு முன்னாடி என்னடா பண்ணுது?”

“கொஞ்சம் பின்னாடி போயி, குனியும்.”

“அப்ப நீ ஏன் முன்னாடி போயி நிக்கிற? பதுங்குதுன்னா பாயப்போவுதுன்னு அர்த்தம். பாஞ்சு முடிக்கட்டும், அப்புறம் போடு.”

தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அப்பாயியையே பார்த்தான்.

கணக்குப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம், கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன.