ஓட்டக்காரருக்கு ஓய்வு!

பெரிய பந்தயத்துக்கு இன்னும் பதினைந்தே நாள் பாக்கி. ஓட்டக்காரர் என்ன செய்ய வேண்டும்? முன்னிலும் மும்முரமாக ஓடிப் பழக வேண்டும் என்றுதானே சொல்வீர்கள்? அதுதான் இல்லை! ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை வரவில்லையா? எமில் ஜாடோபெக்கின் கதையைக் கேளுங்கள். அந்நாளைய செக்கோஸ்லோவாகியா ராணுவத்தில் இருந்தவர். பயிற்சியில் அசுரர். நானூறு மீட்டர் தூரத்தை ஒரே நாளில் நாற்பது தடவைகூட ஓடுவார். அவரிடம் போய் ஓய்வு என்ற பேச்சை எடுக்க முடியுமா?

1950-ஆம் வருஷம் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பியப் போட்டி. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, சாப்பிட்ட உணவு விஷமாகி, மனிதர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். இரண்டு வாரம் பயிற்சியே கிடையாது! போட்டி நெருங்கிய பிறகுதான் வெளியே வந்தார். பாவம், தோற்றுப் போனார் என்றுதானே நினைக்கிறீர்கள்? 10,000 மீட்டரில் இரண்டாவதாக வந்த பிரான்ஸின் மிமூன், அவருக்கு 69 விநாடி பின்னால் வந்து சேர்ந்தார். ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று! 5,000 மீட்டரிலும் ஜாடோபெக்கே முதல். வித்தியாசம் 23 விநாடி.

வியாதி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை, அம்மா! நாள் தவறாமல் ஓடினால் தசைநார்கள் நைந்து போகின்றன. அவற்றில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்தும் கரைகிறது. இவை சீராவது ஓய்வில்தான். மாதக் கணக்கில் சேர்த்த பலமோ இரண்டு வாரத்தில் ஓடிப் போய்விடாது.

ஆகவே மாரத்தான் ஓடுகிறவர்கள் கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைக்கிறார்கள். வாரம் 80 கிலோமீட்டர் ஓடிய பெண் 55 ஆக்குவாள், பிறகு 35. ஆனால் வேகத்தை மட்டும் விடக் கூடாது. அடியோடு படுத்துவிட்டால் கால் மந்தமாகிவிடும்.

கடைசி இரண்டு மூன்று நாள் சோறு, உருளைக்கிழங்கு எல்லாம் கொஞ்சம் தாராளமாகவே பரிமாறலாம். சர்க்கரைச் சத்து தசையில் சேரும்போது தண்ணீரையும் கூட்டிக்கொள்ளும். எடை ஒரு கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம். புதுப் பலகாரம் எதையும் அப்போது பரீட்சை பார்க்காதீர்கள். ஜாடோபெக் பட்ட பாடு போதும்!

இன்னொரு சங்கதி. இந்த நாட்களில் ஓட்டக்காரருக்கு இருப்புக் கொள்ளாது. இல்லாத முழங்கால் வலி வரும். தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், “என்ன, சோம்பேறியாகிவிட்டாயே?” என்று மட்டும் வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். மறு நிமிஷமே பூட்ஸை மாட்டிக்கொண்டு, இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து நிற்பார்!