நின்றது நல்லதுக்குத்தான்!

காசு கொடுத்துப் பயத்தை வாங்குகிறவர்களும் உலகத்தில் உண்டு!

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் ஸ்டிராட்டஸ்பியர் என்ற பெயரில் 1996ல் ஒரு கோபுரம் திறந்தார்கள். உயரம் 1,149 அடி. உச்சியில் நின்று ஊரை வேடிக்கை பார்த்தால் போதாதாம். அங்கேயே ராட்டினங்களையும் வைத்துவிட்டார்கள்!

அதில் ஒன்றுக்குப் பெயர் ‘இன்சானிட்டி’. அதாவது, பைத்தியக்காரத்தனம்! பொருத்தமான பெயர்தான். ஒரு இரும்புக் கை கோபுர விளிம்பைத் தாண்டி 64 அடி வெளியே நீளும். ஆட்களை உட்கார வைத்துக் கிறுகிறுவென்று சுற்றும். கீழே சுமார் 900 அடி பள்ளம். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறதா?

2005ல் அது ஓட ஆரம்பித்துச் சில வாரம்தான் ஆச்சு. பலத்த காற்று. பட்டென்று நின்றுவிட்டது. இரண்டு பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கினார்கள்! இரும்புக் கையை உள்ளே இழுத்த பிறகுதான் போன உயிர் திரும்பி வந்தது.

“மிஷின் மக்கர்” என்போம். அதுதான் தப்பு. காற்று மிஞ்சினால் தானாக நிற்கும்படிதான் அதைச் செய்திருந்தார்கள். நின்றது. நிற்காமல் சுற்றியிருந்தால்?

சிகாகோவில் 94வது மாடியில் ‘டில்ட்’ என்று ஒரு கண்ணாடிக் கூண்டு. 2014ல் வந்தது. எட்டுப் பேரோடு 30 டிகிரி வெளியே சாயும். சாய்ப்பதா பெரிய வித்தை? சாய்த்ததைப் பிடித்து நிறுத்துவதுதான் வித்தை!

இந்த வித்தை பழசு. 1854ல் நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் உயரே மேடையில் நின்றுகொண்டு, “கயிற்றை வெட்டு!” என்றார். வெட்டினார்கள். மேடை கொஞ்சம் இறங்கி, கப்பென்று நின்றது. அந்தப் பிரேக் வந்த பிறகுதான் ஜனங்கள் தைரியமாக லிப்டில் ஏறினார்கள். அடுக்கு மாடிகளும் உயர்ந்தன. ஆபீசில் நீங்கள் ஏறுகிற லிப்டும் அந்த வம்சம்தான்.

அதனால் ஒரு வார்த்தை. பொருட்காட்சியில் ராட்டினக்காரர், “காத்து பலமா இருக்கு, இப்ப ஓடாது சார்” என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். லிப்ட் நடுவழியில் நின்றால் ஆபரேட்டர்மேல் பாயாதீர்கள். அடிக்கடி நின்றால், “கடைசியா எப்போ செக் பண்ணீங்க?” என்று சொந்தக்காரரைக் கேளுங்கள், கேட்க வேண்டியதுதான்.

“நம்ம மிஷின் எந்தக் காத்திலும் நிக்காது சார்!” என்று எவராவது மார்தட்டினால்?

அதில் மட்டும் ஏறாதீர்கள்!