கரணியம் காணாத் திருத்தம்

கணிப்பொறிகளுக்கிடையே செல்லும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்கின்றது. வழியில் ஒரு பொதி தொலையுமாயின், அனுப்பிய கணிப்பொறி பெரும்பாலும் அதனை மீண்டும் அனுப்பித் தன் விரைவையும் குறைத்துக்கொள்ளும். ஆகலின், வெளியே தெரிவது இழப்பன்று, காலத்தாழ்ச்சியே. மருத்துவமனையில் ஆய்வுமுடிவு தாழ்க்கும். வைப்பகத்தில் வரிசை நீளும். பழியோ, முனையில் அமர்ந்திருக்கும் எளிய பணியாளர் மேல் விழும்.

பொதிகளை உரிய வாயிலில் செலுத்துவன பிணைய மாற்றிகள். அவற்றுட் பலவற்றை வளையமாகப் பிணைத்து, ஒரே பெயரும் ஒரே முகவரியும் தாங்கச் செய்வது அடுக்குமுறை. 2003-ஆம் ஆண்டு சிசுக்கோ நிறுவனம் வெளியிட்ட அடுக்கு மாற்றிகளில் இவ்வளையம் நொடிக்கு 3,200 கோடி இருமத் துணுக்குகளைச் சுமந்தது. பிணைப்பு வடம் ஒன்று அறுந்தாலும் அடுக்கு நில்லாது; பாதி வன்மையோடு இயங்கும். நன்மைக்கென அமைந்த இவ்வேற்பாடே குறையை மறைக்கும் திரையுமாகின்றது.

இந்நிலையில் பலர் செய்வதென்ன? மின்னிணைப்பைத் துண்டித்து மீண்டும் தருகின்றனர். சிறிது போழ்து யாவும் சீராகத் தோன்றும். ஆனால், வாயில்தோறும் பிழைகளைக் கணக்கிட்டு வைத்திருந்த எண்ணிகள் அந்நொடியே சுழியாகிவிடுகின்றன. அடிச்சுவட்டை அழித்துவிட்டுக் கள்வனைத் தேடுவதையே இஃது ஒக்கும்.

செய்யத்தக்கது வேறு. அமெரிக்கரான மைக்கு மூசு 1983-இல் ஆக்கிய ‘பிங்கு’ என்னும் ஆய்வுநிரல்கொண்டு, இரு முனைக் கணிப்பொறிகளுக்கிடையே ஆய்தல் வேண்டும். மாற்றியையே வினவுதல் பொருந்தாது. தன் தலையாய பணிகளுக்கிடையே அது விடையிறுக்கத் தாழ்க்கும். ஒவ்வொரு மாற்றிக்குள்ளும் இழப்பின்றி, மாற்றிவிட்டு மாற்றி செல்லும்போது மட்டும் இழப்பிருப்பின், பிணைப்பு வடத்தை ஐயுறுக. பின்னர் எண்ணிகளை இருமுறை படித்து, இடையில் எது உயர்ந்ததெனக் காண்க. சரிபார்ப்புத் தொகைப் பிழை வளருமாயின் வடமோ, இணைப்பியோ, மாசுற்ற ஒளியிழை முனையோ, இரு முனைகளின் பொருந்தா அமைப்போ கரணியமாகலாம். பிழையின்றியே வெளிச்செல் பொதிகள் கைவிடப்படின், அது நெரிசல். பல வாயில்கள் ஒரே வாயிலில் கொட்டுவதன் விளைவு. அங்கே வடத்தை மாற்றிப் பயனில்லை.

ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. மாற்றியபின் மீண்டும் எண்ணுக. அடுக்கு ஒன்றாய்த் தோன்றுவதால் பழுதும் அனைத்துக்கும் பொதுவெனக் கருதுதல் மயக்கமே. பழுதுற்ற இடத்தைக் காணாது செய்வது திருத்தமன்று, ஒத்திவைப்பே!