செத்தவர் பெயர் இருக்கிறது. இருப்பவர் பெயர் எங்கே?

2024 ஏப்ரல் 19-ந் தேதி. வெள்ளிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல். காலை 9 மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

வடசென்னையில் ஒரு பள்ளிக்கூடத்து ஓட்டுச்சாவடி. ஆண்கள் வரிசையில் நான் நிற்கிறேன். பெண்கள் வரிசையில் ஒரு பூக்கார அம்மா. 65 வயதுக்குக் குறையாது. கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் வாக்காளர் அட்டை. வியாபாரத்தை அரை நாள் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

மேசையில் இருந்தவர் பட்டியலைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

“உங்க பேரு இல்லம்மா.”

“நல்லாப் பாரு தம்பி. எம்.ஜி.ஆர். காலத்துல இருந்து ஓட்டுப் போடுறேன்.”

“இல்லம்மா. இங்க பாருங்க, உங்க வீட்டுல ஒரே பேருதான் இருக்கு.” அவர் அந்தப் பெயரைப் படித்தார்.

அந்த அம்மா திகைத்துப் போனார். “அவரு என் வீட்டுக்காரரு! செத்து ஆறு வருசம் ஆச்சு. செத்தவரு இருக்காரு, உசிரோட நிக்கிற நான் இல்லையா?”

யாரும் பேசவில்லை. அவரே கேட்டார்: “அப்ப அவருக்குப் பதிலா நான் போட்டுட்டுப் போவட்டுமா?”

வரிசையே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. “அது கள்ள ஓட்டும்மா. கேஸ் ஆயிடும். போங்க, போங்க. பின்னால ஆளு நிக்குது.”

போய்விட்டார். மை வைக்காத விரலோடு.

அன்று நான் ஓட்டுப் போட்டேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி. தேர்தல் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை எங்கே உண்டாகிறது? டெல்லியிலா? கோர்ட்டிலா? இல்லை. அந்த மேசைக்கு முன்னால்தான் உண்டாகிறது. உடைவதும் அதே மேசைக்கு முன்னால்தான்.

மெஷின் மேல் மட்டும் சண்டை!

தேர்தல் முடிந்தால் போதும். தோற்றவர் மெஷினைத் திட்டுவார். ஜெயித்தவர் மெஷினுக்கு வக்காலத்து வாங்குவார்.

மெஷின் கதை பழசு. 1982-ல் கேரளாவில் பரவூர் தொகுதியில் முதலில் வந்தது. சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தேர்தலைத் தள்ளுபடி செய்தது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் மெஷின்தான். இப்போது பக்கத்தில் இன்னொரு பெட்டி. நாம் போட்ட சின்னத்தைச் சீட்டில் அச்சடித்து 7 விநாடி காட்டுகிறது. எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்று கேட்டார்கள். 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது.

இதையெல்லாம் விவாதிக்கட்டும். தப்பில்லை. ஆனால் அந்தப் பூக்கார அம்மாவுக்கு மெஷின் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே எழவில்லை. அவர் மெஷின் வரை போகவே இல்லையே!

ஒரு ஓட்டு என்ன செய்யும்?

“ஒரு ஓட்டுதானே சார், போனாப் போகுது” என்கிறார்கள்.

தியாகராய நகர்க்காரர்களைக் கேளுங்கள். 2021 சட்டசபைத் தேர்தலில் அங்கே வித்தியாசம் 137 ஓட்டு. ஒரு தெருவில் விட்டுப்போன பெயர்களைச் சேர்த்தாலே அவ்வளவு தேறும். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. வழக்கு போட்டார்கள். 203 தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவு போட 2019 ஆயிற்று. முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. 2021-ல் அந்தச் சட்டசபையின் ஆயுளே முடிந்தது.

இன்னும் கேளுங்கள். 2004-ல் கர்நாடகத்தில் சாந்தேமரஹள்ளி. 2008-ல் ராஜஸ்தானில் நாத்துவாரா. இரண்டிலும் வித்தியாசம் ஒரே ஓட்டு!

ஒரு ஓட்டுக்கு மதிப்பில்லை என்று இனி யார் சொல்வது?

வாட்ஸ்அப் வதந்தி

ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. “பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாம்” என்று. எங்கள் தெரு டீக்கடையில் அதை ஒருவர் பிரிண்ட் எடுத்தே ஒட்டியிருந்தார்.

சுத்தப் பொய். பட்டியலில் பெயர் இல்லை என்றால், அன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் முடியாது. சேலஞ்ச் என்பது வேறு சமாச்சாரம். வந்த ஆள் நிஜ ஆள்தானா என்று வேட்பாளரின் ஏஜெண்டு சந்தேகப்பட்டால், 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது.

சரி, பட்டியலில் பெயர் இருக்கிறது. உள்ளே போனால், “உங்க ஓட்டு காலையிலயே போட்டாச்சு சார்” என்கிறார்கள். அப்போது திரும்பக் கூடாது! அதற்கு விதி இருக்கிறது. 2018-ல் வந்த ‘சர்கார்’ படத்துக்குப் பிறகு ‘49-பி’ என்று தெருவெல்லாம் பேசினார்களே, அதுதான். நீங்கள்தான் அந்த ஆள் என்று காட்டினால் காகித ஓட்டுச்சீட்டு தர வேண்டும். ‘டெண்டர் ஓட்டு’ என்பார்கள். அது கவரில் தனியாகப் போகும். சாதாரண எண்ணிக்கையில் சேராது. வழக்கு வந்து கோர்ட்டு சொன்னால்தான் பிரிப்பார்கள். ஆனாலும் உங்கள் பெயரில் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அது சாட்சி.

இன்னொன்று. சாவடி மூடும் நேரத்தில் வரிசையில் நிற்கிறவர் யாரையும் விரட்ட முடியாது. கடைசி ஆளில் தொடங்கி சீட்டுக் கொடுத்து, அத்தனை பேரையும் ஓட்டுப் போட விட வேண்டும்.

இத்தனை உரிமை இருக்கிறது. எத்தனை சாவடியில் வாய் திறந்து சொல்கிறார்கள்?

வாத்தியாரைக் குற்றம் சொல்லவில்லை

மேசையில் இருக்கிறவர்கள் யார்? வாத்தியார், டீச்சர், குமாஸ்தா. நம்மைப் போன்றவர்கள்தான். முதல் நாளே வந்து, பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து, விடிவதற்கு முன் எழுந்து, ஏஜெண்டுகள் முன்னால் 50 ஓட்டுக்குக் குறையாமல் சோதனை ஓட்டுப் போட்டுக் காட்டிவிட்டு உட்காருகிறார்கள். ஒரு சாவடிக்கு ஆயிரம் பேருக்கு மேல். பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் ஏது?

குறை மேலே இருக்கிறது. அதே 2024 ஏப்ரல் 19-ல் நடந்ததைப் பாருங்கள். ராத்திரி 7 மணி நிலவரமாக, தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் என்று அறிவித்தார்கள். நடுராத்திரிக்கு மேல் 69.46 என்றார்கள். கடைசியில் 69.72-ல் வந்து நின்றது. தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் 67-க்கு மேல் என்று சொன்னது, 54 பக்கம் இறங்கியது.

எல்லாச் சாவடிக் கணக்கும் வருவதற்கு முன் சொன்ன உத்தேசக் கணக்கு அது என்றார்கள். இருக்கலாம். மளிகைக் கடையில் உத்தேசமாக பில் போட்டுக் கொடுத்தால் நாம் சும்மா வருவோமா? ஓட்டுப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை ஓட்டு என்று 17-சி படிவத்தில் எழுதி ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கிறார்கள். ஊர்க் கணக்கில் ஓட்டை விழுந்தால், அந்தச் சாவடிக் கணக்கின் மேலேயும் அல்லவா சந்தேகம் வருகிறது!

பெயர் போவது புதிதல்ல

1951-52 முதல் பொதுத் தேர்தல். சுகுமார் சென் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர். வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதினால் செல்லாது என்று சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடுமைதான். ஆனால் காரணத்தை ஊருக்குச் சொல்லி நீக்கினார்கள்.

2025-ல் தீவிரத் திருத்தம் வந்தது. பீகாரில் ஆகஸ்டு மாத வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர் இல்லை. யார் யார், என்ன காரணம் என்று வெளியிடு என சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் டிசம்பரில் வந்த வரைவில் 97 லட்சத்துக்கு மேல் காணோம். சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர், வீடு மாறியவர், இரண்டு இடத்தில் இருந்தவர் என்று கணக்குச் சொன்னார்கள்.

செத்தவர் பெயர் போகட்டும். போகத்தான் வேண்டும். ஆனால் வாடகை ஏறி ராயபுரத்திலிருந்து மணலிக்குப் போனவன் செத்துவிடவில்லை. அவன் பெயர் பழைய இடத்தில் போகிற நாளில் புதிய இடத்தில் ஏற வேண்டாமா?

கேட்பது மூன்றே மூன்று

ஒன்று: நீக்கிய பெயர்களையும் காரணத்தையும் ஓட்டுப்பதிவு அன்று ஒவ்வொரு சாவடி வாசலிலும் தமிழில் ஒட்டுங்கள். பீகாருக்குக் கோர்ட்டு சொன்னதை எல்லோருக்கும் செய்யுங்கள்.

இரண்டு: பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பும் ஆளுக்கு முத்திரையோடு ஒரு சீட்டுக் கொடுங்கள். பெயர் ஏன் இல்லை, எந்தப் படிவம், யாரிடம் என்று எழுதுங்கள். அதற்கென்று வாசலில் ஒரு ஆளை உட்கார வையுங்கள்.

மூன்று: கணக்கு கூடிய பிறகு சதவீதம் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. சினிமாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே டிக்கெட் எடுக்கிறோம். ஓட்டுக்கு மட்டும் அன்று காலையில் பெயர் தேடுகிறோம். மனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. அதற்கு முன்பே பாருங்கள். சேர்க்க 6-ம் எண் படிவம். திருத்தவும் வீடு மாற்றவும் 8. சந்தேகம் என்றால் 1950-க்குப் போன் போடுங்கள்.

அந்த அம்மாவுக்கு நான்தான் 6-ம் எண் படிவம் எழுதிக் கொடுத்தேன். பெயர் ஏறியது. 2025 டிசம்பர் வரைவிலும் தேடிப் பார்த்தேன். அவர் பெயர் இருக்கிறது. வீட்டுக்காரர் பெயர் இல்லை. இப்போதுதான் பட்டியல் சரி.

மார்க்கெட்டில் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பூவைத் தொடுத்துக்கொண்டே கேட்டார்:

“சரிப்பா. போன தடவ போட முடியாமப் போச்சே என் ஓட்டு, அது எந்தக் கணக்குல?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தேர்தல் கமிஷன் சொல்லட்டும்!