கிடாவுக்கு மட்டும் ஏன் தராசு இல்லை?

கொஞ்சம் நீளமான இழை. ஆட்டுக்கறி சாப்பிடுறவங்க முழுசா படிங்க.

கிளினிக்கில் அடிக்கடி வர்ற கேள்வி: "டாக்டர், புல் மேய்ந்த ஆட்டுக்கறின்னு ஆன்லைன்ல விலை கூட வச்சு விக்கிறாங்க. இதயத்துக்கு நல்லதாமே?"

முதல்ல மருத்துவத்தை முடிச்சிடுறேன். மேய்ச்சல் ஆட்டுக் கொழுப்பில் ஒமேகா-3 கூடுதல்தான். ஆனா மொத்த அளவே ரொம்பக் கம்மி. ஒரு வேளை மத்தி மீன் சாப்பிட்டா அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். நிறைவுற்ற கொழுப்பு புல் தின்ன ஆட்டிலும் இருக்கு. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சிவப்பு இறைச்சியை 2ஏ பிரிவில் வச்சப்போ, புல்லா தீவனமான்னு பிரிச்சுப் பார்க்கலை. அதனால 'இதய நண்பன்' கதையை நம்பிக் காசு கொடுக்காதீங்க.

அப்போ எதுக்குக் கொடுக்கணும்? அங்கதான் எனக்குக் கோபம்.

உத்திரமேரூர்ப் பக்கம் எங்க வீட்டுப் பட்டியில் இருக்கிறது மெட்ராஸ் ரெட் செம்மறி. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பகுதியின் சொந்த இனம். செந்நிறம், கம்பளிக்கு ஆகாது, கறிக்குன்னே வளர்க்கிறது. காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இதை வச்சு பல வருஷமா வேலை செய்றாங்க. இதுக்கு 'மேய்ச்சல் ஆடு'ன்னு தனியா லேபிள் ஒட்டுறது, மீனுக்கு 'தண்ணீரில் வளர்ந்தது'ன்னு ஒட்டுற மாதிரி. பனி காய்ந்த பிறகு ஓட்டிட்டுப் போனா ஏரிக்கரை, அறுவடை முடிஞ்ச கழனி, கருவேலங்காய். பொழுது சாயத்தான் பட்டிக்குத் திரும்பும்.

இதை வாங்க வர்ற வியாபாரி என்ன பண்றார்? முதுகையும் இடுப்பையும் அமுக்கிப் பார்த்து, "16 கிலோ தேறும்" என்கிறார். எங்க அப்பா முப்பது வருஷமா அந்தக் கைக்குத்தான் வித்தார். போன வருஷம் ஒரு தொங்கு தராசு வாங்கி வச்சோம். அதே கிடா 21 கிலோ! உயிர் எடைக்குக் கிலோ 400 ரூபாய்னு வச்சாலும் ஒரு ஆட்டுக்கு 2,000 ரூபாய் போச்சு. முப்பது வருஷத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. நான் போடலை, போட்டா அப்பா முகத்தைப் பார்க்க முடியாது.

கால் கிலோ தக்காளிக்குத் தராசு முள்ளை உத்துப் பார்க்கிறோம். ஒரு குடும்பத்தோட வருஷ வருமானம் நாலு கால்ல நிக்குது, அதுக்குக் கண் மதிப்பா? சோழர் காலத்தில் நந்தா விளக்குக்கு விட்ட ஆட்டையே 90, 96னு எண்ணிக் கல்லில் வெட்டி வச்சாங்க. குடவோலைக் கல்வெட்டு பார்க்க எங்க ஊருக்கு வர்றவங்க, ரோட்டைக் கடக்கிற ஆட்டுக்கு ஹாரன்தான் அடிக்கிறாங்க.

வளர்க்கிறவர் செலவும் சும்மா இல்லை. ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி, மழைக்காலத்தில் நீலநாக்கு பயம், குடற்புழு மருந்து. மருந்து கொடுத்த ஆட்டைக் குறிப்பிட்ட நாள் கழிச்சுத்தான் அறுக்கணும். என் அனுபவத்தில் வாங்க வந்த யாரும் கடைசியா எப்போ மருந்து கொடுத்தீங்கன்னு கேட்டதில்லை. நீங்க கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஒமேகா-3 இல்லை.

மேய்க்கால் புறம்போக்கு இன்னொரு வயித்தெரிச்சல். 2011-லேயே ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் போடுங்கன்னு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. மனைப்பிரிவுக் கல் நட்ட இடத்தில் ஆடு எதை மேயும்? நிலத்தை விட்டுட்டு 'மேய்ச்சல் கறி' மட்டும் வேணும்னா எப்படி?

சந்தைக்குச் சந்தை தராசு வைக்கச் சொல்லிக் கேளுங்க. முடிஞ்சா நாலு வீடு சேர்ந்து ஒரு கிடாவை நேரா வளர்க்கிறவர்கிட்ட உயிர் எடைக்கு வாங்குங்க. கறி ஏறக்குறைய பாதி எடைதான் தேறும், அதுக்காக அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க.

எவ்வளவு சாப்பிடலாம்னு கீழே கேட்பீங்க. கொலஸ்ட்ரால் இருக்கிறவங்க கொழுப்பை நீக்கி வாரம் ஒரு தடவை, 100 கிராம். யூரிக் ஆசிட் கூடினவங்க ஈரல், குடல் பக்கம் போக வேண்டாம். ரத்தசோகை இருந்தா ஆட்டுக்கறியின் இரும்புச்சத்து கீரையைவிட நல்லா உடம்பில் சேரும், ஆனா மாத்திரையை நிறுத்திடாதீங்க.