வண்டி ஒர்க்‌ஷாப்பில், வாடகை நம் தலையில்

பிரெஞ்சில் இன்ஷூரன்ஸை 'அசுரான்ஸ்' என்று படித்தோம். உறுதி என்றும் அதற்குப் பொருள் உண்டு. அந்த உறுதியை இந்த வருஷம் பார்த்துவிட்டேன்.

இடிபட்ட காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். முதலில் சர்வேயர் வரவில்லை. அவர் வந்தபின் அப்ரூவல் வரவில்லை. அப்புறம் பம்பர் வரவில்லை. 38 நாள்! அதற்குள் வீட்டுக்காரம்மாவை ஜிப்மருக்கு அழைத்துப்போக 12 தடவை வாடகைக் கார். தடவைக்கு 700 வீதம் 8,400 ரூபாய். கேட்டால், "பாலிசியில் அது வராது சார்" என்கிறார்கள். உண்மைதான். தினப்படிக்கென்று தனி பிரீமியம் கட்டியிருந்தால்தான் கிடைக்கும். அதுவும் சில நாளைக்குத்தான்.

தாமதம் அவர்களுடையது, செலவு மட்டும் நம்முடையதா? கெடு தாண்டினால் வாடகையை அவர்களே தர வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை, குமாஸ்தா அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். போனில் பேசியது ஃபைலில் ஏறாது. எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு ஒப்புகை வாங்குங்கள், வாடகை ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். புதுச்சேரியும் அவர் எல்லைக்குள்தான். கட்டணம் கிடையாது.

நான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த ஐந்தாம் நாள் பம்பர் வந்துவிட்டது.