தேன் உறைந்தால் கலப்படமா?

மக்களே, மண்டைக்காடு கொடை முடிந்து இரண்டு மாதம் ஆனால் எனக்கு போட்டோ வரத் தொடங்கிவிடும். "சார், தேன் பாட்டில் அடியில சீனி கிடக்கு. மார்த்தாண்டத்துல வாங்கினது. ஏமாத்திட்டான்!"

பத்தாம் வகுப்பில் படித்ததுதானே? 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். அது தெவிட்டிய கரைசல். புத்தளம் உப்பளத்தில் வெயில் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, உப்பு வெளியே வருவது இதனால்தான்.

தேன் அதற்கும் ஒருபடி மேலே. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி பெரும்பாலும் சர்க்கரை. தாங்கக்கூடியதைவிட அதிகம் கரைந்து நிற்கும் அதிதெவிட்டிய கரைசல். ஒரு மகரந்தத் தூள் போதும், குளுக்கோஸ் அதைப் பற்றிக்கொண்டு படிகமாக இறங்கிவிடும். ஃபிரக்டோஸ் நன்றாகக் கரையும், அது இறங்காது. நம்மூர் ரப்பர் தேனில் (பூவில் அல்ல, தளிர் இலைக் காம்பில் சுரப்பது!) குளுக்கோஸ் கூடுதல். சீக்கிரமே உறையும்.

உறைந்ததால் சுத்தம் என்றும் சொல்லமாட்டேன், அது ஆய்வகத்தில்தான் தெரியும். ஆனால் உறைந்ததை மட்டும் வைத்துத் தேன்காரரைக் கள்ளன் என்பது அநியாயம். எப்போதும் தண்ணியாகவே இருக்கவேண்டும் என்று நாம் கேட்பதால்தான் கம்பெனிகள் சூடாக்கி, வடிகட்டி விற்கின்றன. அதில் வாசனையும் போய்விடுகிறது.

தேர்வில் 'வரையறு' என்று கேட்பதைவிட, உறைந்த தேன் பாட்டிலை மேசையில் வைத்துக் காரணம் கேட்கலாம்.

பாட்டிலை இளஞ்சூட்டு வெந்நீரில் வையுங்கள், கரைந்துவிடும். அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்.